'அருமை' என்று மட்டும் எழுதப்பட்ட நிரல்

1

இந்தக் கதை எனக்கு எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணினிப் பிரிவைப் பற்றிக் கட்டுரை எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். சமத்துவம், பன்மை, எல்லோருக்கும் இடம் என்பதையெல்லாம் சுவரில் ஒட்டிவிட்டு மறந்துபோகாமல், அன்றாட வேலையில் அவர்கள் எப்படிச் செய்துபார்க்கிறார்கள் என்று நான் எழுத வேண்டும்.

போனேன். உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் ஒரு பெண்ணின் வேலையில் வரிசையாகக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார். இது சரியில்லை, அது வளவள என்று இருக்கிறது, இதை யோசிக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அவள் மேசையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். "அப்புறம்? இன்னும் சொல்லுங்க" என்றாள். பிடித்த பாட்டை மறுபடி போடச் சொல்பவளின் முகம் அது.

கட்டுரையை எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் இந்தக் காட்சி இல்லை. எந்தப் பத்தியில் வைத்தாலும் துருத்திக்கொண்டு நின்றது. கட்டுரையில் இடம் கிடைக்காத அந்தச் சிரிப்புக்காகத்தான் இந்தக் கதை. சிரிப்பு மட்டும் நான் பார்த்தது. மற்றதெல்லாம் பெரும்பாலும் நான் கட்டியது.

2

தொடக்கம் ஒன்று:

அவளுக்குப் பார்வை கிடையாது. ஆனால்

(இங்கே நிறுத்திவிட்டேன். அந்த 'ஆனால்' என்ற சொல்லுக்குப் பிறகு எதை எழுதினாலும் அது என் வியப்பைப் பற்றியதாகத்தான் இருக்கும். அவளைப் பற்றியதாக இருக்காது.)

தொடக்கம் இரண்டு:

குளிரூட்டப்பட்ட அறையில் பெருங்கணினி மெல்ல மூச்சுவிட்டபடி

(அந்த அறைக்குள் போய்ப் பார்த்தேன். மெல்லவும் இல்லை, மூச்சும் இல்லை. நூறு மின்விசிறிகளை ஒரே பெட்டிக்குள் போட்டு மூடியதுபோல் இரைச்சல். உள்ளே போகிறவர்கள் காதடைப்பான் போட்டுக்கொள்கிறார்கள். கவிதை அங்கேயே செத்துவிட்டது.)

தொடக்கம் மூன்று. இது நிற்கும் என்று நினைக்கிறேன்:

அலுவலகத்தில் அவளை எக்ஸ்பிரஸ் என்று கூப்பிட்டார்கள்.

3

அலுவலகத்தில் அவளை எக்ஸ்பிரஸ் என்று கூப்பிட்டார்கள். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் குரலை ஒற்றைக் காதில் மாட்டிக்கொண்டுதான் அவள் நிரல் எழுதுவாள். அந்தக் குரல் ஓடும் வேகத்தில் மற்றவர்களுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. சேர்ந்த புதிதில் பக்கத்து மேசைக்காரி ஒரு முறை அதைக் கேட்டுப் பார்த்துவிட்டு, "ஐயோ அக்கா, ஏதோ ரெக்கார்டு தேஞ்சு போச்சு" என்று கழற்றிக் கொடுத்தாள். அந்த மேசைக்காரியைப் 'புதுசு' என்பார்கள். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் வந்து சேர்ந்தும் அவள் புதுசாகவேதான் இருந்தாள்.

அந்தப் பிரிவின் வேலை, விஞ்ஞானிகளுக்குக் கணினி நிரல் எழுதிக் கொடுப்பது; பேச்சில் அதைக் 'கோடு' என்பார்கள். எக்ஸ்பிரஸ் எழுதிக்கொண்டிருந்தது வெள்ளக் கணிப்புக்காரர்களுக்கான நிரல். மலையிலிருந்து சமவெளி வரை நட்டுவைத்த மழைமானிகள் அனுப்பும் அளவுகளை வாங்கி, சுத்தம் செய்து, பெருங்கணினிக்குக் கொடுப்பது அது. மழை எங்கே எவ்வளவு என்று இந்த இடத்தில் தப்பானால் அப்புறம் ஆறு எங்கே எவ்வளவு என்பதும் தப்பாகும்.

நல்ல பிரிவு அது. இதை நான் உபசாரமாகச் சொல்லவில்லை. அவள் சேர்வதற்கு முன்பே அவளுடைய கருவிகள் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று ஒருவர் உட்கார்ந்து பார்த்திருந்தார். நாற்காலிகளை இழுத்த இடத்தில் விடுவதில்லை. கூட்டத்தில் யார் எதைத் திரையில் காட்டினாலும், காட்டுகிறவரே அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். வரைபடமென்றால் கோடு எங்கே ஏறுகிறது, எங்கே விழுகிறது என்று சொல்ல வேண்டும். "இதோ இங்க பாருங்க" என்று யாராவது விரலை நீட்டினால் மற்றவர்கள் ஒரே குரலில் "எங்க?" என்பார்கள். முதலில் அவளுக்காக வந்த வழக்கம்தான். பிறகு, படித்துச் சொல்ல வேண்டியிருப்பதால் யாரும் பொருளில்லாத வரைபடத்தைக் கொண்டுவருவதில்லை என்று கண்டார்கள். கூட்டங்கள் சுருங்கின. எல்லோருக்கும் வீட்டுக்குப் போக நேரம் மிஞ்சியது.*

* கட்டுரையில் இந்தப் பத்தி இருக்கிறது. பாராட்டினார்கள். பாராட்ட வேண்டியதுதான். கதை இதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

4

ஒருவர் எழுதிய நிரல் அப்படியே பொது நிரலில் போய்ச் சேர்ந்துவிடாது. இன்னொருவர் அதை வரிவரியாகப் படித்து, ஓரத்தில் குறிப்பெழுதி, சரி என்று ஒப்புதல் தர வேண்டும். அந்தப் பிரிவில் இதை அதிகமாகச் செய்தவருக்குக் கத்தரி என்று பெயர். கத்தரிக்கோலின் சுருக்கம். ஒருவருடைய நிரலைத் திறந்தால் பாதியை வெட்டாமல் மூட மாட்டார். அவர் குறிப்புகளைப் படித்துவிட்டுப் புதுசு ஒரு நாள் கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

எக்ஸ்பிரஸ் அனுப்பும் நிரல்களுக்கு மட்டும் கத்தரி ஒரே சொல் எழுதுவார். அருமை.

முதலில் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு மற்றவர்களின் நிரல்களுக்கு அடியிலிருந்த சண்டைகளைக் காதில் ஓடவிட்டுக் கேட்கக் கேட்க, தன்னுடையதற்கு அடியிலிருந்த அமைதி உறுத்த ஆரம்பித்தது. ஒரு நாள் நேராகவே கேட்டாள்.

"சார், என் கோடுல ஒண்ணுமே தப்பு இல்லையா?"

"இருந்தா நான் சும்மா விடுவேனா? என்னப் பத்தி கேள்விப்பட்டதில்லையா நீங்க?"

"கேள்விப்பட்டதுனாலதான் கேக்கறேன்."

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த நேரத்தில்தான் பிரிவின் தலைவி அவளை அறைக்குக் கூப்பிட்டார். அவரை எல்லோரும் மேடம் என்பார்கள். வெள்ளக் கணிப்பு வேலை முழுவதற்கும் அவளையே பொறுப்பாகப் போட நினைப்பதாகச் சொன்னார். அவளுக்குக் கீழே நான்கு பேர். அவர்களுடைய நிரலுக்கும் அவள்தான் இறுதி ஒப்புதல் தர வேண்டும். "வாரக் கடைசிக்குள்ள சொல்லும்மா. உன் ரெக்கார்டு அவ்ளோ சுத்தமா இருக்கு, எனக்குச் சந்தேகமே இல்ல."

சுத்தமாக இருந்ததுதான் அவளுக்குச் சந்தேகம்.

வீட்டுக்கு வந்து தங்கையிடம் சொன்னாள். இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். தங்கை காய்ந்த துணிகளைக் கட்டிலில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒத்துக்கோ. இதுல என்ன யோசன?"

"எனக்கு வேல தெரியுமான்னு எனக்கே தெரியலடீ."

"இது என்ன புதுக் கதை?"

"நெஜமா சொல்றேன். யாருமே தப்புன்னு சொன்னதில்ல. நான் எழுதினது நல்லா இருக்கா, இல்ல பாவம்னு விட்டுட்டாங்களான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? நாளைக்கு நாலு பேருக்கு நான் சரி போடணும். என்னோடதையே யாரும் சரியாப் பாக்கல."

எக்ஸ்பிரஸ் மடித்து வைத்த சட்டையைத் தங்கை எடுத்து உதறினாள். "இதச் சரியாப் பாத்துட்டேன். மூட்ட கட்டின மாதிரி இருக்கு. திருப்பி மடி."

எக்ஸ்பிரஸ் திருப்பி மடித்தாள். வீட்டில்தான் எவ்வளவு நிம்மதி என்று அவளுக்குத் தோன்றியது.

5

இந்த இடத்தில் நான் நெடுநாள் மாட்டிக்கொண்டேன். கைவிட்ட பக்கங்கள் இரண்டு.

ஒன்றில், கத்தரியின் நிரலில் யாரும் பார்க்காத பெரிய பிழையை எக்ஸ்பிரஸ் காதாலேயே கண்டுபிடிக்கிறாள். எல்லோரும் தலைகுனிகிறார்கள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. மறுநாள் படித்தபோது வெட்கமாக இருந்தது. மற்றவர்களைவிட உயரமாக நின்றால்தான் மற்றவர்களோடு நிற்கலாம் என்று நான் அவளுக்கு நிபந்தனை போட்டிருந்தேன்.

இன்னொன்றில் அவள் ஒன்றுமே செய்வதில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து நுட்பமாக வருந்துகிறாள். எனக்கு அந்தமாதிரிப் பக்கங்கள் சுலபமாக வரும். அவளுக்கு ஜன்னலோரம் பிடிக்காது, வெயில் அடிக்கும் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவளை ஒரு தப்பு செய்யவைக்க எனக்குக் கை வரவில்லை. ஏமாற்றவோ, அவசரப்படவோ, எரிச்சலில் எல்லை மீறவோ விடாமல் தாங்கித் தாங்கிப் பிடித்தேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓரத்தில் நானும் 'அருமை' என்றுதான் எழுதிக்கொண்டிருந்தேன் என்பது புரிந்த பிறகு, கையை எடுத்தேன்.

அடுத்து வருவதை அவள்தான் செய்தாள்.

6

எக்ஸ்பிரஸ் வேண்டுமென்றே ஒரு பிழையை எழுதினாள்.

சில நாள் மழைமானி பழுதாகும். அப்போது அங்கிருந்து தகவல் வராது. தகவல் வரவில்லை என்பது வேறு, மழை பெய்யவில்லை என்பது வேறு. பழுதான மழைமானியின் தலைக்கு மேல் பேய்மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். இந்த வேலையில் சேரும் எவருக்கும் முதல் வாரம் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். அவள், தகவல் வராத இடத்தில் மழையளவு பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளும்படி எழுதினாள். ஒளிக்கவில்லை. முதல் பக்கத்திலேயே, தனி வரியாக, கண்ணில் படும்படி வைத்து, கத்தரிக்கு அனுப்பினாள்.

பெருங்கணினிக்குப் போகாதபடி அதற்கு ஒரு பூட்டும் போட்டுவைத்தாள். (இதை எழுதாமல் விட்டால் கதை இன்னும் பதறும் என்பது தெரியும். அவள் அப்படிப்பட்டவள் இல்லை.)

கத்தரி சாப்பிட்டு வந்து கை துடைப்பதற்குள் ஒப்புதல் வந்துவிட்டது. அருமை.

தனக்குக் கோபம் வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. படியிறங்கும்போது இருக்கிறதென்று நினைத்த கடைசிப் படி இல்லாமல் போனால் காலுக்கு ஒரு திடுக்கிடல் வருமே, அதுதான் வந்தது.

மறுநாள் வாரக் கூட்டம். அவள் முறை வந்ததும், "நேத்து அனுப்பின கோட கத்தரி சார் காட்டட்டும்" என்றாள். அவர் திரையில் போட்டார்.

"படிச்சுச் சொல்லுங்க சார்."

வழக்கம்தானே. அவர் படித்தார். "முதல்ல கோப்பத் திறக்குது. தேதியச் சரி பாக்குது. நல்லா பண்ணியிருக்காங்க. அப்புறம், மழைமானியிலேருந்து தகவல் வரலன்னா, மழ அளவு..."

அவர் குரல் அங்கே நின்றுவிட்டது.

"எவ்ளோ சார்?"

"பூஜ்யம்" என்றார் கத்தரி.

புதுசுதான் முதலில் வாயைத் திறந்தாள். "அக்கா, இது எங்களுக்கு வச்ச பொறியா?"

"ஆமா."

"நேரா கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேன். இருந்தா சும்மா விடுவேனான்னு சிரிச்சாரு."

கத்தரி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "உங்க கோடத் திறந்தா, எவ்ளோ கஷ்டப்பட்டு எழுதியிருப்பீங்கன்னு தோணும். குத்தம் சொல்லக் கை வராது. அதான் நெஜம்."

"நான் கஷ்டப்பட்டு எழுதல சார். காலாட்டிக்கிட்டு ஜாலியா எழுதறேன். கஷ்டமெல்லாம் நீங்க சேத்துக்கிட்டது." நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள். "என்னை நாலு பேருக்குப் பொறுப்பாப் போடப் போறாங்க. நான் தேறுவேனா மாட்டேனான்னு உங்களத் தவிர யாரு எனக்குச் சொல்ல முடியும்?"

7

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் மெச்சுகிறேன். மன்னிப்புக் கூட்டம் எதுவும் நடக்கவில்லை. யாரும் அவள் கையைப் பிடித்து உருகவில்லை. வேலை நடந்தது.

எழுதியவர் யாரென்று தெரியாதபடி மறைத்துவிடலாமே என்று ஒருவர் சொன்னார்.

"மறைச்சா திட்டுவீங்க, நான்னு தெரிஞ்சா கொஞ்சுவீங்க. அப்போ பிரச்சினை தீந்துச்சா, ஒளிஞ்சுக்கிச்சா?" என்றாள் எக்ஸ்பிரஸ்.

"இனிமே அக்காவையும் எங்கள மாதிரியே கிழிக்கணும்னு முடிவு பண்ணுங்க" என்றாள் புதுசு. "என் பங்கு திட்டு வேணும்னாலும் எடுத்துக்கோங்கக்கா, தாராளமா தரேன். எனக்கு மிச்சம் இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். மேடம் மட்டும் சிரிக்கவில்லை. "நீ அழுதது எனக்குத் தெரியும்மா" என்றார் புதுசிடம். "எல்லாரையும் ஒரே மாதிரி அழ வைக்கிறது சமம் ஆகாது. அதையும் சேத்துப் பாப்போம்."

அன்று அவர்கள் ஒரு வழக்கத்தை உண்டாக்கினார்கள். 'அருமை' என்று மட்டும் எழுதக்கூடாது. எந்த வரி, ஏன் அருமை என்று எழுத வேண்டும். 'குப்பை' என்றும் எழுதக்கூடாது. எந்த வரி, ஏன், வேறெப்படி என்று எழுத வேண்டும். காரணம் இல்லாத ஒப்புதல் செல்லாது.

சின்ன விஷயமாகத் தெரியும். காரணம் எழுத வேண்டுமென்றால் படித்தாக வேண்டும்.

கத்தரி அதற்குமேல் ஒன்று செய்தார். யாரிடமும் சொல்லாமல், எக்ஸ்பிரஸ் சேர்ந்த நாள் முதல் அனுப்பிய ஒவ்வொரு நிரலையும் திறந்து முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். குறிப்புகள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. அவள் காதில் அந்த வேகக் குரல் அவற்றைக் கொட்டியது. ஒரே வேலையை மூன்று இடத்தில் திருப்பித் திருப்பி எழுதியிருக்கிறீர்கள், சோம்பேறித்தனம். (உண்மை. அவளுக்கே தெரியும்.) இந்தப் பெயர் ரயில் நீளம் இருக்கிறது. மழைக்கு எழுதிய நிரலை வெயில் நாளை வைத்து மட்டும் சோதித்திருக்கிறீர்கள். இங்கே ஒரு பிழை, நிஜப் பிழை, நல்லவேளை யாரும் இன்னும் பயன்படுத்தவில்லை.

கடைசியில் சொன்னது அவளைச் சுட்டது. வேண்டுமென்று கேட்டு வாங்கினாலும் அடி அடிதான்.

அப்புறம் ஒரு குறிப்பு வந்தது. மழைமானி ஒரே தகவலை இரண்டு தடவை அனுப்பினால் இரண்டாவதை விலக்கும் இடம் பற்றி. நேரத்தை வைத்துப் பார்க்காமல் வரிசை எண்ணை வைத்துப் பார்த்திருக்கிறீர்கள், கடிகாரம் பழுதானாலும் இது நிற்கும், நான் எழுதியிருந்தால் இதை யோசித்திருக்க மாட்டேன்.

அவள் விசையைத் தட்டி, குரலின் வேகத்தைக் குறைத்தாள். இன்னும் குறைத்தாள். மனிதர்கள் பேசும் வேகத்துக்குக் கொண்டுவந்து, அந்தக் குறிப்பை மறுபடி கேட்டாள்.

(இந்த இடத்தில் ஒரு வாக்கியம் எழுதினேன். அவள் உணர்ந்தது என்னவென்றால்

வேண்டாம்.)

8

முடிவு.

மறுநாள் கத்தரி அவள் மேசைக்கே வந்துவிட்டார். நான் கண்ணாடி வழியே பார்த்த காட்சி இதுதான். அவர் குற்றம் சொல்லச் சொல்ல அவள் சிரித்தாள், "இன்னும் சொல்லுங்க" என்றாள். ஒரு குறிப்பில் மட்டும் சிரிப்பு நின்றது. அவளுடைய நீளமான ஒரு பகுதியைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்கச் சொல்லியிருந்தார்.

"முடியாது சார்."

"என்ன முடியாது? எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க."

"துண்டு துண்டா இருந்தா நான் அங்கயும் இங்கயும் தாவித் தாவிக் கேக்கணும். நீளமா இருந்தா மேலேருந்து கீழ ஒரே ஓட்டமாக் கேட்டுருவேன்."

"உங்களுக்கு வசதி. நாங்க படிக்கும்போது மூச்சு முட்டுதே, அதுக்கு என்ன பண்றது?"

"இத்தன நாள் முட்டலயா?"

"இத்தன நாள் நான் எங்க படிச்சேன்!"

புதுசு வாயைப் பொத்திக்கொண்டாள். அவர்கள் இருவரும் பொத்தவில்லை. குரல் உயர்ந்தது. இதில் யார் பக்கம் நியாயம் என்று நான் இரண்டு பொறியாளர்களைக் கேட்டேன். இரண்டு விடை வந்தது. அதனால் அதை நான் தீர்த்துவைக்கப் போவதில்லை.

அப்போது மேடம் வந்து கதவில் சாய்ந்து நின்றார். வாரக் கடைசி.

"என்னம்மா, முடிவு பண்ணியாச்சா?"

"இருங்க மேடம்" என்றாள் எக்ஸ்பிரஸ், திரும்பாமலே. "மொதல்ல இவர முடிச்சுட்டு வரேன்."

இதற்குப் பிறகு என்னிடம் இரண்டு பத்திகள் இருக்கின்றன. ஒன்றில் அவள் பொறுப்பை ஏற்கிறாள். திட்டையும் காரணமுள்ள பாராட்டையும் எடைபோட்டு, தேறுவேன் என்று முடிவுசெய்கிறாள். இன்னொன்றில் வேண்டாம் என்கிறாள். இப்போதுதான் தன்னை ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்திருக்கிறார்கள், இன்னும் ஒரு வருடம் அடி வாங்கி, அப்புறம் நாலு பேருக்குச் சரி போடுகிறேன் என்கிறாள். இரண்டும் அவளுக்குத் தகும். முதலாவது எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதாலேயே அதை நம்பாமல் வைத்திருக்கிறேன்.

அவளுடைய நல்ல வரியும் நிஜப் பிழையும் இப்போது உங்கள் முன்னால் இருக்கின்றன. என்னைவிட நீங்கள் அவளிடம் கறாராக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சண்டை ஓயட்டும், அவசரமில்லை. மேடம் கதவிலேயே நிற்கிறார். அவருக்கு ஒரு பதில் வேண்டும்.